காத்த கையே வெட்டிய கை: வில்ஃபிரட் ஓவனின் போர்க்களக் கடிதங்கள்

1918 அக்டோபர் 31, வியாழக்கிழமை மாலை. வடக்கு பிரான்சில் ஓர்ஸ் என்னும் சிற்றூரை அடுத்த காட்டோரம், வனக்காவலர் வீடு ஒன்றின் நிலவறையில் உட்கார்ந்து, மான்செஸ்டர் படைப்பிரிவைச் சேர்ந்த 25 வயது அதிகாரி ஒருவர் தம் தாய்க்குக் கடிதம் எழுதுகிறார். ஈர விறகின் புகை மண்டியிருப்பதால், ஓரடி தள்ளி எரியும் மெழுகுவர்த்தியின் வெளிச்சத்தில்கூடக் கண் சரியாகத் தெரியவில்லை. நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பவர்களின் முழங்கைகள் இடிப்பதால் எழுத்து ஆடுகிறது. வயதான சிப்பாய் ஒருவர் உருளைக்கிழங்கை உரித்து உரித்துப் பானையில் போடுகிறார். பக்கத்தில் சமையற்காரர் விறகு பிளக்கிறார். இன்னொருவர் அந்த ஈர விறகை அடுப்பில் திணித்துப் புகையை வளர்க்கிறார். இங்கே ஆபத்து ஏதும் இல்லை, அப்படியே இருந்தாலும் இந்த வரிகளை நீங்கள் படிப்பதற்குள் அது கடந்து போயிருக்கும் என்று மகன் தாய்க்கு எழுதுகிறார். தம்மைச் சூழ்ந்திருக்கும் இந்த நண்பர்களில் பாதியளவு நல்லவர்கள்கூட உங்களைப் பார்க்க வர வாய்ப்பில்லை என்று பெருமையும் பட்டுக்கொள்கிறார்.

நான்கு நாள் கழித்து, நவம்பர் 4 அதிகாலையில், சாம்ப்ர்-வாஸ் கால்வாயைக் கடக்கும் முயற்சியில் அவர் சுடப்பட்டு இறந்தார். சரியாக ஒரு வாரத்தில் போர் முடிந்தது. நவம்பர் 11 நண்பகலில், இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரி நகரில் போர் ஓய்ந்த மகிழ்ச்சியில் தேவாலய மணிகள் ஒலித்துக்கொண்டிருந்த நேரத்தில், மரணச் செய்தி தாங்கிய தந்தி அவருடைய பெற்றோரின் வீட்டு வாசலுக்கு வந்தது.

அந்த அதிகாரி வில்ஃபிரட் ஓவன். முதலாம் உலகப் போரைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பட்ட கவிதைகளில் மிகுதியாகப் படிக்கப்படுபவை அவருடையவை. கவிதைகளைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. இங்கே பேச்சு கடிதங்களைப் பற்றியது. ஐந்து வயதில் கிறுக்கியதிலிருந்து அந்தப் புகைமண்டிய நிலவறைக் கடிதம் வரை அறுநூறுக்கும் மேற்பட்ட கடிதங்கள் தப்பிப் பிழைத்திருக்கின்றன. அவற்றில் ஐந்நூறுக்கும் மேற்பட்டவை தாய் சூசன் ஓவனுக்கு எழுதப்பட்டவை. அவை இன்று நம்மிடம் இருப்பதற்கு ஒரே காரணம், அந்தத் தாய் ஏறக்குறைய எதையும் தூக்கிப் போடவில்லை என்பதுதான். அதே நேரத்தில், அவை இன்று முழுமையாக இல்லாமல் போனதற்கும் அந்தக் குடும்பமே காரணம். ஒரு சிப்பாயின் கடிதங்களைக் குடும்பம் காப்பாற்றியது என்று கேள்விப்படும்போது நாம் நெகிழ்ந்துபோகிறோம். எந்த வடிவில் காப்பாற்றியது என்று கேட்க மறந்துவிடுகிறோம்.

குடும்பம் பெரிய வசதி படைத்ததல்ல. தந்தை டாம் ஓவன் ரயில்வே அலுவலர். திருமணத்துக்கு முன் இந்திய ரயில்வே ஒன்றில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவர். ஷ்ரூஸ்பரியில் அவர்கள் குடியிருந்த வீட்டின் பெயர் மாஹிம். பம்பாயைத் தெரிந்தவர்களுக்கு அந்தப் பெயரைப் பார்த்ததும் ஒரு புன்னகை வரும். தாய் ஆழ்ந்த சமயப் பற்றுள்ளவர். நான்கு பிள்ளைகளில் மூத்தவரான வில்ஃபிரட் பாதிரியார் ஆவார் என்று எதிர்பார்த்தவர். மகன் அப்படி ஆகவில்லை. பிரான்சில் போர்தோ நகரில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்துவிட்டு, 1915 அக்டோபரில் படையில் சேர்ந்தார். ஊரை விட்டுப் போன நாளிலிருந்து, நாட்குறிப்பு எழுதுகிறவர் தாளோடு பேசுவதைப் போல அவர் தாயோடு கடிதத்தில் பேசினார்.

அந்தப் பேச்சு எப்படிக் கடல் தாண்டியது என்பதையும் சொல்ல வேண்டும். லண்டன் ரீஜென்ட் பூங்காவில் மரத்தால் எழுப்பப்பட்ட மாபெரும் கொட்டகையில் படையினருக்கான அஞ்சல் பிரிக்கப்பட்டது. போரின் உச்சத்தில் வாரத்துக்கு 1 கோடியே 20 லட்சம் கடிதங்கள் அதன் வழியே போயின. அவற்றைப் பிரித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வீட்டிலிருந்து போட்ட கடிதம் இரண்டு மூன்று நாளில் பதுங்குகுழியில் இருப்பவன் கைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். திரும்பி வரும் கடிதத்துக்குத்தான் தடை. சாதாரணச் சிப்பாயின் கடிதத்தை அவனுடைய அதிகாரியே படித்து, இடப்பெயர், படை நகர்வு போன்றவற்றை அடித்துவிட்டு அனுப்புவார். அதிகாரிகள் எழுதுவதோ அவர்களுடைய நாணயத்துக்கு விடப்பட்டது. பின்தளத்தில் எப்போதாவது ஒன்றைப் பிரித்துப் பார்ப்பதோடு சரி. ஓவன் அதிகாரி. தம் சிப்பாய்களின் கடிதங்களைப் படித்துத் தணிக்கை செய்வது அவருடைய அன்றாட வேலைகளில் ஒன்று. அவர் தாய்க்கு எழுதியவற்றில் காணும் வெளிப்படையைப் படிக்கும்போது, அந்த உரிமை அவருக்கு வாய்த்தது பதவியால்தான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கடிதம் எழுத நேரமில்லாதவர்களுக்கு ராணுவமே ஓர் அச்சடித்த அஞ்சலட்டையைத் தந்தது. ‘நான் நலமாக இருக்கிறேன்’, ‘மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருக்கிறேன்’, ‘பின்தளத்துக்கு அனுப்பப்படுகிறேன்’, ‘உங்கள் கடிதம் கிடைத்தது’, ‘நெடுநாளாக உங்களிடமிருந்து கடிதம் இல்லை’ என்று வரிவரியாக அதில் இருக்கும். வேண்டாதவற்றைக் கோடு போட்டு அடித்துவிட்டு, தேதியும் கையெழுத்தும் இட்டு அனுப்ப வேண்டியதுதான். வேறு ஒரு சொல் கூடுதலாக எழுதினாலும் அட்டை அழிக்கப்படும் என்று மேலேயே எச்சரிக்கை உண்டு. ‘நலம், நலமறிய ஆவல்’ என்று தொடங்கி எழுதிப் பழகிய நமக்கு இது அவ்வளவு விசித்திரமாகப் படாது. சொல்லின் பொருளைவிட, வந்து சேர்ந்தது என்பதே செய்தியாகிவிடும் கடிதங்கள் நம் வீடுகளிலும் உண்டு, ‘56 ஏ.பி.ஓ.’ என்ற இந்திய ராணுவ அஞ்சல் முகவரியோடு வந்த உறையைப் பிரிக்கும் முன்பே மூச்சு விட்டுக்கொண்ட குடும்பங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்த அட்டையையும் ஓவன் சும்மா விடவில்லை. ‘பின்தளத்துக்கு அனுப்பப்படுகிறேன்’ என்ற வரியை ஒற்றைக் கோட்டுக்குப் பதிலாக இரட்டைக் கோட்டால் அடித்திருந்தால், தாம் போர்முனையில் இருப்பதாகப் பொருள் என்று தாயோடு முன்கூட்டியே பேசி வைத்திருந்தார். கடிதங்களுக்கு வேறொரு சங்கேதம். மிஸில்டோ என்னும் கிறிஸ்துமஸ் காலத்து ஒட்டுண்ணிச் செடியின் பெயர் கடிதத்தில் வந்தால், அதற்கு அடுத்த வரிகளில் வரும் ஒவ்வொரு சொல்லின் இரண்டாம் எழுத்தையும் கோத்துப் பார்க்க வேண்டும். அவர் இருக்கும் இடத்தின் பெயர் கிடைக்கும். தணிக்கை செய்வதைத் தம் கடமையாகச் செய்த அதே அதிகாரி, தம் தாய் வரைபடத்தில் விரலை வைத்துப் பார்ப்பதற்காக அந்தத் தணிக்கையை ஏய்த்தார்.

கடிதங்களில் மிகவும் அறியப்பட்டது 1917 ஜனவரி 16 தேதியிட்டது. பிரான்சுக்கு வந்து சில வாரங்களே ஆகியிருந்தன. ஐந்து நாளாகக் கடிதம் போட முடியாததற்கு வருத்தம் தெரிவித்துத் தொடங்கும் அவர், கடந்த நான்கு நாட்களைப் பற்றி உங்களை ஏமாற்றுவதற்கு எனக்கு எந்த நியாயமும் தெரியவில்லை என்று எழுதுகிறார். இரு படைகளுக்கும் நடுவே ஆளில்லா நிலத்தில் இருந்த ஒரு பதுங்கறையைப் பிடித்து வைத்திருக்கும் பொறுப்பு அவருக்குத் தரப்பட்டிருந்தது. மூன்று முதல் ஐந்து அடி வரை ஆளை உறிஞ்சும் களிமண்ணைக் கடந்து அங்கே போக வேண்டும். 25 பேர் அடைந்து கிடந்த அந்த அறையில் ஓரடி, இரண்டடி உயரத்துக்குத் தண்ணீர். மிச்சம் நான்கடிதான் காற்று. இரண்டு வாயில்களில் ஒன்று ஏற்கெனவே குண்டில் தூர்ந்துவிட்டது. ஐம்பது மணி நேரம் அப்படியே இருந்தார்கள். முழங்காலுக்கு மேல் ஏறிக்கொண்டிருந்த தண்ணீரில் மூழ்கிப் போய்விடலாமா என்று ஒரு கட்டத்தில் தோன்றியதையும் அவர் மறைக்கவில்லை. குண்டுவீச்சு கடுமையானபோது காவலர்களைப் படிக்கட்டில் பாதி தூரம் இறங்கி நிற்கச் சொன்னார். அப்படியும் ஓர் இளைஞன் வெடிப்பில் தூக்கியெறியப்பட்டுப் படிகளில் உருண்டான், அவனுக்குப் பார்வை போயிருக்கும் என்று அஞ்சுகிறேன் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லி நகர்ந்துவிடுகிறார். அந்த ஒரு வாக்கியம் பின்னாளில் ஒரு முழுக் கவிதையானது.

இந்தக் கடிதத்தையும், 21 மாதங்கள் கழித்து எழுதிய நிலவறைக் கடிதத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், ஒரே மகன் ஒரே தாயிடம் எவ்வளவு வேறுபட்டுப் பேசினார் என்பது தெரிகிறது. முதலாவதில் ஏமாற்ற மாட்டேன் என்கிறார். இறுதியில் ஆபத்தே இல்லை என்கிறார். இடையில் நடந்தது கொஞ்சமல்ல. 1917 வசந்த காலத்தில் குண்டு வெடித்துத் தூக்கியெறியப்பட்டு, சிதறிக் கிடந்த சக அதிகாரியின் உடலருகே நாள்கணக்கில் கிடந்த அனுபவத்துக்குப் பின், போர் அதிர்ச்சிக்கு ஆளானவராக எடின்பரோ அருகே கிரெய்க்லாக்கார்ட் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். அங்கேதான் கவிஞர் சிக்ஃபிரைடு சசூனைச் சந்தித்தார். 1918 ஆகஸ்ட் இறுதியில் மீண்டும் பிரான்சுக்குப் போனார். ஏன் திரும்பி வந்தேன் என்பதை அக்டோபர் மாதக் கடிதம் ஒன்றில் தாய்க்கு விளக்குகிறார்: இந்தப் பையன்களுக்கு ஓர் அதிகாரியால் முடிந்த அளவு நேராகத் தலைமை தாங்கி உதவவும், அவர்கள் படும் பாட்டைக் கண்ணால் பார்த்து அவர்களுக்காக வழக்காடுபவனைப் போல வாதாடவும் வந்தேன் என்று. கடைசிக் கடிதத்தில் உள்ள கலகலப்பை அப்பட்டமான பொய் என்று என்னால் எண்ண முடியவில்லை. தோழர்களோடு இருந்த மகிழ்ச்சி மெய்யானது. தாய் கவலைப்படக் கூடாது என்ற கணக்கும் மெய்யானது.

சூசன் ஓவன் இந்தக் கடிதங்களை வெறும் நினைவுப் பொருளாக வைத்திருக்கவில்லை. தேவைப்பட்டவர்களுக்கு எடுத்துக் கொடுத்தார். 1931இல் கவிஞர் எட்மண்ட் பிளண்டன் ஓவனின் கவிதைகளைப் பதிப்பித்தபோது, வாழ்க்கைக் குறிப்புக்கு முதுகெலும்பாக இருந்தவை இந்தக் கடிதங்களே. எந்தக் கவிதை எப்போது எழுதப்பட்டது என்ற கணக்கும் பெரிதும் இவற்றிலிருந்தே வருகிறது. நச்சுப்புகைத் தாக்குதலைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற கவிதையின் தொடக்க வடிவம் 1917 அக்டோபரில் உருவானது என்று சொல்ல முடிவது, அதை நேற்று எழுதினேன் என்று தாய்க்கு அனுப்பிய வரி கிடைப்பதால்தான்.

நமக்கு நெருக்கமான செய்தி ஒன்றும் இங்கே உண்டு. 1920 ஆகஸ்டில் சூசன் ஓவன் இரவீந்திரநாத் தாகூருக்கு ஒரு கடிதம் எழுதினார். கடைசியாகப் பிரான்சுக்குப் புறப்பட்டபோது, சூரிய ஒளியில் மின்னிய கடலைப் பார்த்தபடி, மகன் தாகூரின் சொற்களைத் தம்மிடம் சொன்னதாக அதில் குறிப்பிடுகிறார். இங்கிருந்து போகையில், நான் கண்டவற்றுக்கு மேலானது எதுவுமில்லை என்பதே என் விடைச்சொல்லாக இருக்கட்டும் என்ற பொருளில் கீதாஞ்சலியில் வரும் வரிகள் அவை. இறந்த மகனின் சிறு குறிப்பேடு திரும்பி வந்தபோது, அதே வரிகள் அவருடைய கையெழுத்தில், அடியில் தாகூரின் பெயரோடு இருந்தன. முழுக் கவிதையும் எந்த நூலில் இருக்கிறது என்று சொல்ல முடியுமா என்று கேட்கத்தான் அந்தத் தாய் எழுதினார். மகன் விட்டுச் சென்ற ஒவ்வொரு தாளின் மீதியையும் தேடிப் பிடிக்கும் ஒருவரின் கடிதம் அது.

ஆனால் அதே தாய் ஒரு மூட்டைத் தாள்களை எரிக்கவும் செய்தார். நான் திரும்பாவிட்டால் பிரித்துப் பார்க்காமல் இதைக் கொளுத்திவிடுங்கள் என்று மகன் சொல்லிவிட்டுப் போயிருந்தார், தாயும் அப்படியே செய்தார். இதைக் குறை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கேட்டுக்கொண்டவன் எழுதியவனே. குடும்பத்தின் கைவரிசை தெரிவது அதற்குப் பிறகு, கடிதங்கள் தம்பி ஹரால்டு ஓவனிடம் வந்து சேர்ந்தபோது.

ஹரால்டு 1963 முதல் 1965 வரை மூன்று தொகுதிகளாகக் குடும்ப வரலாற்றை எழுதினார். 1967இல் ஜான் பெல்லுடன் சேர்ந்து கடிதங்களைத் தொகுத்து ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் வழியே வெளியிட்டார். உழைப்பு பெரியது, அதை மறுக்க முடியாது. ஆனால் அச்சுக்குப் போகும் முன் மூலத்தாள்களிலேயே அவர் கைவைத்தார். சில வரிகள் மை பூசி மறைக்கப்பட்டன. சில இடங்கள் கத்தரிக்கோலால் வெட்டி எடுக்கப்பட்டன. பதிப்பில் சேர்க்காமல் விடுவது வேறு, தாளையே வெட்டுவது வேறு. முன்னதை அடுத்த பதிப்பாளர் சரிசெய்யலாம். பின்னதைச் சரிசெய்ய ஆளில்லை. வெட்டுண்ட இடங்களில் என்ன இருந்தது, குடும்பப் பூசலா, சமய நம்பிக்கை ஆட்டங்கண்டதா, அண்ணனின் பாலியல் நாட்டம் பற்றியதா என்று ஆய்வாளர்கள் நெடுங்காலமாக விவாதித்து வருகிறார்கள். ஹரால்டைப் பொறுத்தவரை, அண்ணன் தேசத்தின் கவிஞராகிவிட்டார். தேசத்தின் கவிஞருக்கு அழுக்குத் துணி இருக்கக் கூடாது. நம் ஊரில் எத்தனையோ எழுத்தாளர்களின் குடும்பத்தார் இதே நினைப்பில் பெட்டியைத் திறக்க மறுத்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு ஹரால்டின் மனம் புரியும்.

இந்த மனம் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு ஒரு விருதுச் சான்றின் கதை போதும். 1918 அக்டோபர் முதல் இரண்டு நாட்களில் ஜோங்கூர் என்ற ஊரருகே நடந்த சண்டைக்காக ஓவனுக்கு மிலிட்டரி கிராஸ் விருது கிடைத்தது. எதிரியிடமிருந்து கைப்பற்றிய இயந்திரத் துப்பாக்கியைத் தாமே இயக்கி எதிரிக்குக் கணிசமான உயிரிழப்பை ஏற்படுத்தினார் என்பது அரசிதழான லண்டன் கெஜட்டில் 1919இல் வந்த வாசகம். 1967 தொகுப்பில் வந்த வாசகமோ, துப்பாக்கியைக் கைப்பற்றிப் பலரைச் சிறைப்பிடித்தார் என்று மென்மையாகிவிட்டது. போரின் இரக்கத்தைப் பாடிய கவிஞர் வரிசையாக மனிதர்களைச் சுட்டு வீழ்த்தினார் என்ற செய்தி உருவாக்கப்பட்ட படத்தோடு ஒட்டவில்லை. வேடிக்கை என்னவென்றால், இந்த மென்மையாக்கத்தைத் தொடங்கி வைத்தவர் ஓவனே. ஒருவனை மட்டும்தான் கைத்துப்பாக்கியால் சுட்டேன், மற்றவர்களைப் புன்னகையாலேயே பிடித்துவிட்டேன் என்றுதான் அவர் தாய்க்கு எழுதியிருந்தார்.

இவ்வளவு குறை சொன்ன பிறகும், குடும்பமே இல்லாத நிலையை நினைத்துப் பார்த்தால் தராசு மறுபக்கம் சாய்கிறது. அதே பிரான்சில், 1914 இலையுதிர் காலத்திலிருந்து 1915 இறுதி வரை இந்தியக் காலாட்படைப் பிரிவுகள் சண்டையிட்டன. 1915 தொடக்கத்தில் இந்தியச் சிப்பாய்கள் வாரத்துக்குப் பத்தாயிரம் முதல் இருபதாயிரம் கடிதங்கள் வரை எழுதினார்கள். பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எழுத்துத் தெரிந்த தோழரிடம் சொல்லி எழுதச் சொல்வார்கள், ஊரில் யாராவது உரக்கப் படித்துக் காட்டுவார்கள். பூலோன் துறைமுகத்தில் ஈவ்லின் ஹவல் என்ற குடிமைப்பணி அதிகாரி தலைமையில் அமைந்த தணிக்கை அலுவலகம் அவற்றிலிருந்து பகுதிகளைத் தேர்ந்து ஆங்கிலத்தில் பெயர்த்து வாரந்தோறும் அறிக்கை அனுப்பியது. அந்த மொழிபெயர்ப்புகள் இன்று லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. மூலக் கடிதங்களோ பஞ்சாபிலும் கட்வாலிலும் ஊர்களுக்குப் போய்ச் சேர்ந்து, மழையிலும் கறையானிலும் பெரும்பாலும் மறைந்துவிட்டன. அங்கும் சங்கேதம் உண்டு: கறுப்பு மிளகு தீர்ந்துகொண்டிருக்கிறது, இப்போது சிவப்பு மிளகு பயன்படுகிறது என்று ஒரு சிப்பாய் எழுதினால், இந்தியப் படையினர் மாண்டுபோகிறார்கள், வெள்ளையர் களத்தில் இறக்கப்படுகிறார்கள் என்று பொருள். அதைத் தணிக்கையாளர் கண்டுபிடித்துவிட்டார். கண்டுபிடித்ததால்தான் அது நமக்குத் தெரிகிறது. ஓவனின் கடிதத்தைக் காத்தது தாயின் அன்பு. இந்தியச் சிப்பாயின் சொல்லைக் காத்தது அவன்மீது கொண்ட சந்தேகம். எழுத்தும் நேரமும் கொண்ட ஒரு மகன், படித்துப் பத்திரப்படுத்தத் தெரிந்த ஒரு தாய், பூச்சி அரிக்காத ஒரு வீடு என்று எல்லாம் சேர்ந்து அமைந்தால்தான் குடும்பச் சேகரிப்பு என்ற ஒன்று பிறக்கிறது.

ஓவனின் கடிதங்கள் இன்று அமெரிக்காவில், டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஹாரி ரேன்சம் ஆய்வு மையத்தில் உள்ளன. 2023இல் ஜேன் பாட்டர் பதிப்பித்த தேர்ந்தெடுத்த கடிதங்களில், முன்பு மறைக்கப்பட்ட பகுதிகளில் படிக்க முடிந்தவை மீட்டுத் தரப்பட்டிருக்கின்றன. மை பூசியதைப் படித்துவிடலாம்; கத்தரித்ததைத்தான் ஒன்றும் செய்ய முடியாது. ஓர்ஸில் உள்ள வனக்காவலர் வீடு 2011 முதல் வெள்ளை வெளேரென்ற நினைவிடமாக நிற்கிறது. நிலவறைக்கு இறங்கும் வளைந்த சரிவின் சுவரில் அந்தக் கடைசிக் கடிதம் பொறிக்கப்பட்டிருக்கிறது. படித்துக்கொண்டே இறங்கினால் அது எழுதப்பட்ட இடத்துக்கே போய்ச் சேரலாம்.

அங்கிருந்து சற்றுத் தொலைவில், ஊர்ப் பொது இடுகாட்டில் அவருடைய கல்லறை இருக்கிறது. போரில் இறந்தவர்களின் கல்லில் குடும்பம் தேர்ந்த ஒரு வாசகத்தைப் பொறிக்க அப்போது அனுமதி உண்டு. இடைவெளி உட்பட 66 எழுத்துகளுக்கு மிகக் கூடாது. தாய் தேர்ந்தது மகனின் கவிதையிலிருந்தே இரண்டு வரிகள். இவ்வுடல்களை வாழ்வு மீண்டும் புதுப்பிக்குமா, மெய்யாகவே இறைவன் சாவையெல்லாம் ஒழித்து, கண்ணீரையெல்லாம் துடைப்பானா என்று கவிதை இரண்டு முறை கேட்கிறது. பின்வரும் வரிகளில் அதற்குக் கிடைக்கும் விடை, இல்லை என்பது. கல்லில் முதல் கேள்வி கேள்வியாகவே இருக்கிறது. இரண்டாவது, சாவையெல்லாம் ஒழிப்பான் என்ற இடத்தோடு நின்று, விடையாக மாறிவிட்டது. கண்ணீரைப் பற்றிய மூன்று ஆங்கிலச் சொற்களுக்குக் கல்லில் இடமில்லை என்பது உண்மைதான். பொறிக்கப்பட்ட வரிகளே இடைவெளிகளோடு 65 எழுத்துகளுக்கு வந்துவிடுகின்றன. மிஞ்சியது ஓர் எழுத்துக்கான இடம். அந்த இடத்தில் தாய் கேள்விக்குறியை வைக்கவில்லை.